கெண்டை

புது போர் போட்ட வாரமே
ஜிகினா வாளியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.
கொழுப்பு என்றேன்.
புதுச்சேரிக் கல்யாணங்களில் நெற்றிச்சரம் கட்டி
பேண்டு சத்தத்துக்குக் கால் மாற்றி நின்ற குதிரை.
தேவனாம்பட்டினத்துத் தண்ணீர் அதற்கு இறங்காதோ?

மார்கழியில், நூற்றிருபது அடியில் கிடைத்த தண்ணீர்.
முதல் குடத்துக்கு அஞ்சலாட்சி கற்பூரம் காட்டினாள்.
மூன்றாம் நாள் குடத்தின் உள்பக்கம் துருவேறியது.
பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை.
"கடல் உள்ள வந்துடுச்சி" என்றாள்.
எங்கே வந்தது, அங்கேதானே கிடக்கிறது என்று
கையை நீட்டிக் காட்டினேன்.

ஜிகினா உதட்டை நனைத்து
ஒரு விரற்கடை மட்டும் குறைக்கும்.
லத்தி கல்லாய் விழுந்தது.
பார்த்தேன். பார்த்தும்
சவாரிக்கு நூறு, போட்டோவுக்கு ஐம்பது.

மாசி மகம்.
ஊர் ஊராய்ச் சாமிகள் கடலாட வந்திருந்தன.
காலையிலிருந்து முப்பத்தெட்டு சவாரி.
அடுத்ததில், மேலே ஒரு சின்னப் பையன் இருக்க,
ஜிகினா நின்றது.
மண்ணில் அடித்த முளைபோல நின்றது.
பையனை இறக்கிவிட்டுப் புட்டத்தில் கை வைத்தேன்.
வெயிலில் கிடந்த அம்மிக்கல்.
வேர்த்து ஊற்றியது, நடுங்கியது,
பிறகு மூத்திரம் விட்டது:
பால் சேர்க்காத டிகாக்‌ஷன்.
யாரோ போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நடத்திப் பாரு, சரியாயிடும்" என்றார் சுண்டல்காரர்.
"ஓரடிகூட நடத்தாதே"
போனிலேயே கத்தினார் டாக்டர் வகிதா.
மஞ்சக்குப்பத்திலிருந்து அத்தனை கூட்டத்தையும் பிளந்து
ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்.
ஐஸ் வண்டிக் குடையில் பாட்டில்களைத் தொங்கவிட்டுக்
கழுத்து நரம்பில் ஏற்றினார்.

"என்ன தண்ணி குடுக்கிற?"
வாளியைக் காட்டினேன்.
விரலை நனைத்து நாக்கில் வைத்தார். துப்பினார்.
"நீ இதைக் குடிப்பியா?"
நான் குடிப்பது கேன் தண்ணீர். முப்பத்தைந்து ரூபாய்.
ஷெட்டு மூலையில், தூசி விழாமல், துண்டு போட்டு மூடியிருக்கும்.

"உப்பு பிடிக்காம குடிக்கிறதையே குறைச்சிருக்கு.
வேர்வையில போனது திரும்பி வரலை.
வறண்ட தசையை வச்சிக்கிட்டு ஓடினா
நூல் நூலா அறுந்துபோகும்.
நீ பார்த்த கறுப்பு, அந்தத் தசைதான்.
கரைஞ்சு ரத்தத்துல கலந்து
கிட்னியை உரசிக்கிட்டு வெளிய வந்திருக்கு."

மண்ணைப் பார்த்தேன்.
கறை இன்னும் காயவில்லை.
அதை மிதித்துக்கொண்டு ஒரு பலூன்காரன் போனான்.

ராத்திரி, கேனை வாளியில் கவிழ்த்தேன்.
முகர்ந்தது. காதுகள் முன்னால் வந்தன.
குனிந்த கழுத்துக்குள் ஒவ்வொரு மடக்கும்
சுண்டெலிபோல் மேலேறி ஓடியது.
பதினேழு வரை எண்ணினேன்.
அதற்குமேல் எண்ண வரவில்லை.

செல்போன் வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சி
திடுமென ஒரு காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.
பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்,
ராத்திரியானால் கெண்டை இழுக்கிறதென்று.
தைலம் தேய் என்றுவிட்டுத் திரும்பிப் படுப்பேன்.
அவளுக்குச் சோறாக்கவும் குடிக்கவும் அந்த போர்தான்.
கேன் எனக்கு. கடற்கரையில் வெயிலில் நிற்கிறவன் நானல்லவா.

கால்மேல் கை வைத்தேன்.
தோலுக்கடியில் துள்ளியது,
நல்ல தண்ணீர்க் கெண்டையை
உப்பில் விட்டதுபோல.

டாக்டருக்கு அடித்தேன்.
"குதிரைக்கு என்ன?"
"குதிரைக்கு இல்லிங்க."
"மனுசங்க வைத்தியம் எனக்குத் தெரியாதுப்பா. காலையில பெரியாஸ்பத்திரி கூட்டிட்டுப் போ"
என்றவர் போனை வைக்கவில்லை.
மூச்சு மட்டும் கேட்டது.
"கேன்ல மிச்சம் இருக்கா?"

திரும்பிப் பார்த்தேன்.
ஜிகினா வாளியின் அடியை நக்கிக்கொண்டிருந்தது.